ஷானியா ட்வைன்: ஒரே பாட்டு, மூன்று மிக்ஸ்

கேள்வி இதுதான்: "ஷானியா ட்வைனைச் சிலர் கன்ட்ரி பாடகி என்கிறார்கள், சிலர் பாப் பாடகி என்கிறார்கள். எது சரி? அத்தனை ஆல்பம் விற்றவர் 2004க்குப் பிறகு ஏன் காணாமல் போனார்? புதிதாகக் கேட்பவர் எங்கே ஆரம்பிக்கலாம்?"

இரண்டு பெயரும் சரிதான். (கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புற மரபில் வளர்ந்த இசைவகை.) பாடும் முறையை அவர் ஆளுக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்ளவில்லை. குரலைச் சுற்றி எந்த வாத்தியம் முன்னால் நிற்க வேண்டும் என்பதைத்தான், அதாவது மிக்ஸைத்தான், சந்தைக்குச் சந்தை மாற்றினார்கள். அவர் வாழ்க்கையில் இதற்கு முன்னும் பின்னும் நடந்த எல்லாம் இந்த ஒரு உத்தியோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் பிறந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

1965 ஆகஸ்ட் 28ஆம் தேதி கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், விண்ட்சரில் பிறந்தார். அப்போது வைத்த பெயர் ஐலீன் ரெஜினா எட்வர்ட்ஸ். அப்பா பிரிந்துபோன பிறகு அம்மா ஷேரன், ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த ஜெரி ட்வைனை மணந்தார். ஷேரனின் பிள்ளைகளை ஜெரி சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டதால் 'ட்வைன்' வந்தது. வளர்ந்தது டிம்மின்ஸில். டொராண்டோவுக்கு வடக்கே சுமார் 700 கிலோமீட்டர், தங்கச் சுரங்கத்தை நம்பிய ஊர், நீண்ட பனிக்காலம். வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, அடிதடியும் இருந்தது என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பள்ளிக்கு எடுத்துப்போன மதிய உணவு சில நாட்களில் கடுகு விழுது தடவிய ரொட்டி மட்டும்.

எட்டு வயதில் மதுக்கடைகளில் பாடத் தொடங்கினார். சாராயம் ஊற்றும் நேரத்தில் குழந்தை உள்ளே வரக் கூடாது. அதனால் நள்ளிரவைத் தாண்டி, விற்பனையை நிறுத்திய பிறகு, மிச்சமிருக்கும் குடிகாரர்கள் முன்னால் பாடுவார். தூங்கும் பெண்ணை அம்மா எழுப்பிக் கூட்டிப்போவார். கிடைத்தது சுமார் 20 டாலர். அந்தக் கூட்டம் பொறுமையாக உட்கார்ந்து கேட்காது. முதல் வரியிலேயே பிடித்தால் உண்டு. பிற்காலத்தில் அவருடைய பாட்டுகள் எல்லாம் ஏன் முதல் சில வினாடிகளிலேயே ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கின்றன என்று யோசித்தால் எனக்கு இந்த மதுக்கடைகள்தான் நினைவுக்கு வரும்.

கோடைக்காலத்தில் மாற்றப்பாவின் மரம் நடும் குழுவில் கோடாரியும் சங்கிலி ரம்பமுமாக வேலை பார்த்திருக்கிறார். 1987 நவம்பர் 1ஆம் தேதி ஒரு சாலை விபத்தில், மரக்கட்டை ஏற்றிவந்த லாரியில் மோதி, தாயும் மாற்றப்பாவும் ஒரே நேரத்தில் இறந்துபோனார்கள். அவருக்கு வயது 22. கீழே மூன்று பேர், தம்பிகள் இருவர், தங்கை ஒருத்தி. அவர்களைக் காப்பாற்ற ஹன்ட்ஸ்வில் ஊரில் உள்ள டியர்ஹர்ஸ்ட் என்ற சுற்றுலா விடுதியில் மேடைப் பாடகியாகச் சேர்ந்தார். வேகாஸ் பாணி இரவு நிகழ்ச்சி. பிராட்வே பாட்டு, பழைய பாப், கன்ட்ரி எல்லாம் ஒரே மாலையில் பாட வேண்டும். நடுவில் உடை மாற்ற வேண்டும். சம்பளத்துக்குச் செய்த இந்த வேலையில் கிடைத்த பயிற்சி, அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் நேராகப் போய் இறங்கியிருந்தால் கிடைத்திருக்காது.

மேரி பெய்லி என்ற கனடியப் பாடகிதான் அவருக்கு மேலாளராக இருந்து நாஷ்வில் ஆட்களைக் கூட்டிவந்தார். மெர்க்குரி நாஷ்வில் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. பெயரை மாற்றச் சொன்னார்கள். வளர்த்தவரின் பெயரான ட்வைனை விட மறுத்து, முன்பெயரை 'ஷானியா' ஆக்கிக்கொண்டார். விடுதியில் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணின் பெயர் அது. ஒஜிப்வே மொழியில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று பொருள் என விளம்பரத்தில் சொன்னார்கள். மொழி தெரிந்தவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை.

1993இல் முதல் ஆல்பம். சரியாகப் போகவில்லை. அதிலிருந்து தனியாக வெளியிட்ட பாட்டு (சிங்கிள்) ஒன்றுகூட அமெரிக்கக் கன்ட்ரி பட்டியலில் முதல் 50க்குள் வரவில்லை. காரணம் குரல் அல்ல. அன்றைய நாஷ்வில் வழக்கம் இப்படி: பாட்டு எழுதுவோர் தனி, பதிப்பகத்தார் தனி, அவர்கள் கொண்டுவரும் பாட்டுகளில் தயாரிப்பாளர் பொறுக்கி எடுப்பார், கைதேர்ந்த ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) எண்களால் குறித்த ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேர அமர்வில் இரண்டு மூன்று பாட்டுகளை முடித்துவிடுவார்கள், பாடகர் கடைசியில் வந்து குரல் கொடுப்பார். வேகமும் உண்டு, தரமும் உண்டு. ஆனால் எல்லா ஆல்பமும் ஒரே துணியில் வெட்டிய சட்டை மாதிரி இருக்கும். பத்துப் பாட்டில் ஷானியா பங்கு எழுத்தாளராக இருந்தது ஒன்றே ஒன்றில்.

அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டவர் ராபர்ட் ஜான் 'மட்' லாங்கே. ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' ஆகியவற்றைத் தயாரித்தவர்; ஹார்ட் ராக் ஆசாமி. தொலைபேசியிலேயே பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். 1993 ஜூனில் நாஷ்வில்லில் நேரில் சந்திப்பு, அதே டிசம்பரில் கல்யாணம். நாஷ்வில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஷானியாவின் சொந்தப் பாட்டுகளைப் பாடிக்காட்டும்படிதான் லாங்கே முதலில் கேட்டுக்கொண்டார்.

லாங்கேயின் வேலைமுறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் பாட்டை ஒரே மூச்சில் பதிவு செய்வதில்லை. முதலில் தாளம். ஸ்னேர் டிரம் அடி ராக் பாட்டில் வருவதுபோல் அகலமாக, வெட்டவெளியில் அடித்தமாதிரி விழும். அதன்மேல் கிட்டார்கள். பிறகு பின்குரல்கள், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்து, அடுக்கடுக்காக ஏற்றி, பல்லவி வரும்போது ஒரு கூட்டமே சேர்ந்து பாடுவதுபோல் ஆக்குவார். பல்லவிக்கு முன்னால் ஒரு கொக்கி (மனதில் மாட்டிக்கொள்ளும் சிறு மெட்டு), பல்லவியில் ஒன்று, வாத்திய இடைவெளியில் ஒன்று. காது சும்மா இருக்க ஒரு இடம்கூட விடமாட்டார். இந்த ராக் சட்டத்துக்குள் கன்ட்ரியின் அடையாளங்களான ஃபிடிலையும் (வயலின்தான்), கம்பிகள்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டாரையும் நட்டார்கள். பால் ஃபிராங்க்ளினின் பெடல் ஸ்டீல், பால் லைமின் டிரம்ஸ், பிரென்ட் மேசனின் கிட்டார் என்று வாசித்தவர்கள் அனைவரும் நாஷ்வில்லின் முதல் வரிசை. ஆள் அதே ஆள்தான். மூன்று மணி நேரக் கணக்கு மட்டும் போய்விட்டது. செலவும் ஏறியது: ஷானியாவின் இரண்டாவது ஆல்பமான 'தி உமன் இன் மீ'க்கு சுமார் 5 லட்சம் டாலர் ஆனதாகப் பேச்சு. அன்றைக்கு ஒரு கன்ட்ரி ஆல்பத்துக்கு அது ஊதாரித்தனம்.

1995 பிப்ரவரியில் அது வெளிவந்தது. முதல் சிங்கிள் 11ஆம் இடத்தோடு நின்றது. இரண்டாவதான 'எனி மேன் ஆஃப் மைன்' முதலிடம். தரையை மிதித்துக் கைதட்டும் தாளம், மேலே ஃபிடில். எழுதியவிதத்தில் பார்த்தால், ஆணிடம் ஒரு பெண் போடும் நிபந்தனைப் பட்டியல். அதே ஆல்பத்திலிருந்து மொத்தம் நான்கு பாட்டுகள் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தன. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ்.

இந்த இடத்தில் அவர் எடுத்த ஒரு முடிவை நாஷ்வில் பைத்தியக்காரத்தனம் என்றது. சுற்றுப்பயணம் போகவில்லை. கன்ட்ரி பாடகர் என்றால் பஸ்ஸில் ஊர் ஊராகப் போக வேண்டும், வானொலி நிலையத்தாரோடு கை குலுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். 'ஸ்டுடியோ பொம்மை, மேடையில் பாட வராது' என்று கிசுகிசுத்தார்கள். இரண்டு மணி நேரம் மேடையை நிரப்பச் சொந்தப் பாட்டு போதாது, அடுத்த ஆல்பத்தை எழுதிவிட்டுப் போகிறேன் என்பது அவர் கணக்கு. 1998 மே மாதம் கனடாவின் சட்பரியில் முதல் பயணம் தொடங்கியபோது அந்தப் பேச்சு தானாக அடங்கியது.

அந்த அடுத்த ஆல்பம்தான் 1997 நவம்பர் 4ஆம் தேதி வந்த 'கம் ஆன் ஓவர்'. 16 பாட்டுகள், அத்தனையும் ஷானியாவும் லாங்கேயும் சேர்ந்து எழுதியவை. பாட்டை எழுதியவர் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்கச் சட்டம் 1998இல் ஒரு பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு, எழுதியவர் தரப்புக்கு 7.1 சென்ட் என்று வைத்திருந்தது. 16 பாட்டுக்கு அது ஒரு ஆல்பத்துக்கு 1 டாலர் 13.6 சென்ட். ஆனால் எழுதிப் பாடுபவர்களிடம் நிறுவனங்கள் வழக்கமாக ஒரு விதி போடும்: முக்கால் பங்குதான் தருவோம், அதுவும் பத்துப் பாட்டுக்கு மட்டும். அப்படி என்றால் 53 சென்ட் சொச்சம். பாடுவதற்கான ராயல்டியில் பதிவுச் செலவு, வீடியோ செலவு எல்லாவற்றையும் நிறுவனம் முதலில் கழித்துக்கொள்ளும். எழுதியதற்கான ராயல்டியில் அப்படிக் கழிப்பது வழக்கமில்லை. பிறர் எழுதியதைப் பாடும் நட்சத்திரம் கோடி பிரதி விற்றும் கடனில் இருப்பதும், எழுதுபவர் முதல் பிரதியிலிருந்தே சம்பாதிப்பதும் இதனால்தான்.

சரி, மிக்ஸுக்கு வருவோம். 'கம் ஆன் ஓவர்' முதலில் அமெரிக்கக் கன்ட்ரி வானொலிக்கான மிக்ஸில் வந்தது: ஃபிடில் பளிச்சென்று, பெடல் ஸ்டீல் குரலோடு பின்னிக்கொண்டு. பாட்டுகள் பாப் வானொலிக்குப் போனபோது அவற்றையே வேறுமாதிரி மிக்ஸ் செய்தார்கள். ஐரோப்பாவுக்கு முழு ஆல்பமே தனிப் பதிப்பு. பெடல் ஸ்டீலும் ஃபிடிலும் பின்னுக்குப் போய், கீபோர்டும் தாளமும் முன்னுக்கு வந்தன. ஏன் இந்தப் பாடு? அமெரிக்க வானொலி நிலையம் ஒவ்வொன்றும் ஒரு வகைக்குக் கட்டுப்பட்டது. பாப் நிலையத்தில் பெடல் ஸ்டீல் கேட்டால் நேயர் ஸ்டேஷனை மாற்றிவிடுவார் என்று பயம். கன்ட்ரி நிலையத்தில் பெடல் ஸ்டீல் இல்லாவிட்டால் 'இவள் நம்மை விட்டுப் போய்விட்டாள்' என்று கோபம். இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகச் சமைத்து அனுப்பியதால் எந்த வீட்டோடும் சண்டை வரவில்லை. டெய்லர் ஸ்விஃப்ட் 2014இல் வெளிப்படையாகக் கன்ட்ரியை விட்டு பாப்புக்குக் குடிபெயர்ந்தார்; ஷானியா குடிபெயரவே இல்லை.

விளைவு தெரிந்ததுதான். உலகம் முழுக்க சுமார் 4 கோடி பிரதிகள். அமெரிக்கக் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் 50 வாரம் முதலிடம். ஆனால் பலரும் தப்பாகச் சொல்லும் ஒன்று: இந்த ஆல்பம் அமெரிக்காவின் பொதுப் பட்டியலான பில்போர்ட் 200இல் முதலிடத்தைத் தொட்டதே இல்லை. இரண்டாமிடம்தான் உச்சம். 'யூ ஆர் ஸ்டில் தி ஒன்' பாட்டுக்கும் இதே கதி. அமெரிக்காவின் பாட்டுப் பட்டியலான ஹாட் 100இல் ஒன்பது வாரம் இரண்டாமிடத்தில் நின்றுவிட்டு இறங்கியது. ஒரே வாரத்தில் வெடித்து அடங்காமல், 16இல் 12 பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சிங்கிளாக விட்டு, இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே ஆல்பத்தை விற்றுக்கொண்டே இருந்தார்கள். 1999இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டுக்கான கலைஞர் விருது வந்தது. கிராமி மொத்தம் ஐந்து, எல்லாமே கன்ட்ரிப் பிரிவில்.

2002 நவம்பரில் 'அப்!'. இங்கே அந்த உத்தியை ஒளிவுமறைவின்றிக் கடையிலேயே வைத்தார்கள். அதே 19 பாட்டுகள், மூன்று நிறத் தட்டுகளில்: சிவப்பு பாப், பச்சை கன்ட்ரி, நீலம் இந்தியச் சாயல் கொண்ட உலக இசை. அமெரிக்காவில் சிவப்பும் பச்சையும் சேர்த்து ஒரே பெட்டி. வெளிநாடுகளில் சிவப்பும் நீலமும். நீலத்தைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த சைமன், டயமண்ட் டுக்கல் சகோதரர்கள். தபலா, இந்திப் பட பாணி வயலின் கூட்டம் எல்லாம் உண்டு. நேர்மையாகச் சொன்னால் மூன்றில் பலவீனமானது நீலம்தான். நம் காது தபலாவைக் கேட்டதும் ஒரு வளைவை, ஒரு கமகத்தை எதிர்பார்க்கும். மெட்டோ நேர்கோட்டில் போகும். தாளம் இங்கே, பாட்டு அங்கே என்று இருக்கும். ஆனால் பாடம் படிக்க அதைவிட நல்ல தட்டு கிடையாது. குரல் அதே குரல். மாறுவது சுற்றிலும் இருப்பது மட்டும்.

'அப்!' முதல் வாரம் அமெரிக்காவில் 8,74,000 பெட்டிகள் விற்று நேராக முதலிடத்தில் அமர்ந்தது. சான்றிதழில் 1 கோடியே 10 லட்சம் என்று இருக்கும். அதை அப்படியே நம்பிக் கணக்குப் போடக் கூடாது: இரட்டைத் தட்டு ஆல்பத்தை அந்தச் சான்றிதழ் இரண்டாக எண்ணும். உண்மையில் விற்றது சுமார் 55 லட்சம் பெட்டி. 1 கோடியை எட்டினால் வைரச் சான்றிதழ். தொடர்ந்து மூன்று ஆல்பத்துக்கு அதைப் பெற்ற ஒரே பெண் என்ற பெருமைக்குள் இந்த இரட்டை எண்ணிக்கையும் இருக்கிறது. முதல் இரண்டில் அந்தச் சிக்கல் இல்லை.

இனி காணாமல் போன கதை. 2003இல் 'அப்!' பயணத்தின்போது உண்ணி கடித்து லைம் நோய் வந்தது. மேடையில் தலைசுற்றல், கண்ணிமைக்கும் நேரம் நினைவு தப்புதல். மருந்தில் நோய் அடங்கியது. குரல் மட்டும் திரும்பவில்லை. சத்தமாக ஒருவரைக் கூப்பிடக்கூட வரவில்லை.

பாடகர்களுக்குக் குரல் போனால் பெரும்பாலும் குரல்நாணில் முடிச்சுபோன்ற தடிப்பு வந்திருக்கும். அது ஓயாமல் பாடியதன் விளைவு. ஓய்விலும் பேச்சுப் பயிற்சியிலும் பெரும்பாலும் சரியாகும். ஷானியாவுக்கு நடந்தது வேறு. குரல்நாண்களை இயக்கும் நரம்பு சேதப்பட்டிருந்தது. இரண்டு நாண்களும் நடுவில் வந்து ஒட்டினால்தான் காற்று அதிர்ந்து ஒலியாகும். நரம்பு பலவீனமானால் நடுவில் இடைவெளி விழும், காற்று கசியும். அந்தக் குறையை ஈடுகட்டக் கழுத்துத் தசைகள் இறுகிப் பிடிக்கும். வெளியே பார்ப்பவருக்கு இறுக்கம்தான் தெரியும். அதனால் பிரச்சினை மனஅழுத்தம் என்று நினைத்துவிடுவது சுலபம். நரம்பு என்று தெரியவர அவருக்குப் பல வருடம் ஆனது.

இடையில் 2008இல் லாங்கேயும் பிரிந்தார். 2010இல் விவாகரத்து முடிந்தது. கணவர் மட்டுமா போனார்? கூட எழுதியவர், தயாரித்தவர், பின்குரல் அடுக்கியவர், எல்லாம் அதே ஆள். குரலும் இல்லை, பட்டறையும் இல்லை. 2011 ஜனவரி 1ஆம் தேதி ஃபிரெடெரிக் தியெபோவை மணந்தார்.

திரும்பி வந்ததும் படிப்படியாகத்தான். 2012 டிசம்பரில் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் இரண்டு வருட நிகழ்ச்சி. பயணம் வேண்டாம், தினம் ஒரே அரங்கு, ஒரே ஒலியமைப்பு, ஒரே காலநிலை. தேறிவரும் தொண்டைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2015இல் பயணம். 2017 செப்டம்பரில், 15 வருடம் கழித்து, 'நௌ'. எல்லாப் பாட்டும் தனியாக எழுதியது. தயாரிப்பாளர்கள் நான்கு பேர். முதலிடத்தில் வந்தது. ஆனால் ஒலியில் நான்கு கை தெரிகிறது. லாங்கே இருந்திருந்தால் பாதியைத் திருப்பி அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அதற்கு அடுத்த வருடம் தொண்டையைத் திறந்து அறுவைசிகிச்சை. கழுத்தின் முன்பக்கம் கீறி, குரல்நாண்களுக்குப் பக்கத்தில் கோர்-டெக்ஸ் என்ற பொருளைச் செருகி, இரண்டு நாண்களையும் நடுவுக்குத் தள்ளுவார்கள். இப்படிப்பட்ட சிகிச்சையில் ஆளை முழுதாக மயக்குவதில்லை. எவ்வளவு தள்ளினால் குரல் சரியாக வருகிறது என்று பேசவைத்து, பாடவைத்துப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய முடியும். கொஞ்சம் அதிகமானால் குரல் நெரிந்துபோகும், குறைந்தால் கசிவு நிற்காது. பழைய குரல் இதனால் திரும்பாது. கேட்கும்போதே தெரியும்: தடித்திருக்கிறது, ஓரத்தில் கரகரப்பு இருக்கிறது. அந்தக் குரலோடுதான் 2023இல் 'குயின் ஆஃப் மீ' ஆல்பமும், 2024 ஜூன் 30ஆம் தேதி இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் ஜாம்பவான்களுக்கு ஒதுக்கும் ஞாயிறு மாலை மேடையும்.

கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு: 'கம் ஆன் ஓவர்'தான். ஆனால் இணையத்தில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் இருப்பதால் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் குழம்புவார்கள். முதல் பாட்டைப் பாருங்கள். 'மேன்! ஐ ஃபீல் லைக் எ உமன்!' என்று தொடங்கினால் அமெரிக்கக் கன்ட்ரி பதிப்பு. 'யூ ஆர் ஸ்டில் தி ஒன்' என்று தொடங்கினால் வெளிநாட்டுப் பதிப்பு. அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பாட்டு பத்தாவதாக வரும். இரண்டிலும் அதை மட்டும் எடுத்து, ஹெட்போன் போட்டு, அடுத்தடுத்துக் கேளுங்கள். குரலை விட்டுவிட்டு அதன் பின்னால் இழுத்து வழுக்கிக்கொண்டு வரும் பெடல் ஸ்டீலை மட்டும் தேடுங்கள். ஒன்றில் கையில் கிடைக்கும்; மற்றதில் தேட வேண்டியிருக்கும்.